முதல் கயாக்கைக் கச்சானைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கரையோரம் நடந்தால், வள்ளங்களுக்கும் பைபர் போட்டுகளுக்கும் நடுவே இப்போது கயாக்குகளும், அதாவது இருபக்கத் துடுப்பால் வலிக்கும் ஒடுக்கமான சிறு தோணிகளும், கவிழ்த்துக் கிடக்கின்றன. உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவை ஒருபுறம் இருக்க, தூண்டில் போடவென்றே வாங்கியவையும் அவற்றில் உண்டு. எண்ணெய்ச் செலவில்லை, என்ஜின் இல்லை, ஓர் ஆள் தனியே இறக்கி ஏற்றலாம். ஆசைப்படுவதில் பிழையில்லை. வாங்கும் விதத்தில்தான் பிழை நடக்கிறது. கடைக்குப் போகிறவர் கேட்பது இரண்டே கேள்வி: என்ன விலை, வேறு நிறம் இருக்கிறதா? திருகோணமலையில் முதல் கயாக் வாங்குகிறவர் தன்னையே கேட்க வேண்டியது வேறொன்று. கச்சான் எழும்பினால் இதில் நான் கரைக்குத் திரும்பி வருவேனா?

கொறிக்கிற கச்சான் கடலையைச் சொல்லவில்லை. அதைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரண்டு வீசும் காற்றைச் சொல்கிறோம். கொழும்புப் பக்கம் இதே காற்று கடலிலிருந்து தரைக்கு வருகிறது. அலை எழும்பும், பார்க்கிறவனுக்குப் பயம் பிடிக்கும், இறங்க மாட்டான். எங்கள் பக்கம் அது தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையில் நிற்கும் தென்னையும் பனையும் கட்டிடங்களும் காற்றை மறைப்பதால் முதல் இருநூறு மீற்றர் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வெளியே போகப் போக மறைப்பு விலகும். காற்று முதுகில் தள்ளும். தனக்குத் துடுப்பு வலிக்க நன்றாக வருகிறது என்று புதியவர் நினைப்பார். திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். உல்லாசப் பயணிகள் வந்து குவியும் 'சீசன்' மாதங்களும் இவைதான் என்பதால், கடல் மிக அழகாகத் தெரியும் காலமும் புதியவர் அதிகமாக இறங்கும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

கணக்கு இதுதான். பழகாத ஒருவர் அகலமான கயாக்கை அமைதியான தண்ணீரில் மணித்தியாலத்துக்கு 4 முதல் 5 கிலோமீற்றர் வேகத்தில் வலிக்கலாம். எதிர்க்காற்று மணித்தியாலத்துக்கு 25 கிலோமீற்றரைத் தொட்டால் அந்த வேகத்தில் பாதியளவு போய்விடும். 35ஐத் தாண்டினால் வலித்துக்கொண்டே நின்ற இடத்தில் நிற்பார். நல்ல பாரை ஒன்றோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினால், அந்த நேரத்துக்குள் கயாக் தன்பாட்டில் ஒரு கிலோமீற்றர் வெளியே போய்விடுவது அதிசயமில்லை. கீழே சொல்லப்போகும் நீளம், அகலம், பொருள், நிறம் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருபவை.

காற்றடித்துப் பெருப்பிக்கும் வகையை முதலிலேயே தள்ளிவிடுங்கள். சுருட்டிப் பையில் போடலாம், மாடி வீட்டிலும் வைக்கலாம் என்ற வசதி உண்மைதான். தூண்டில் முள் குத்தினால் காற்றுப் போய்விடும் என்பதே எல்லோரும் சொல்லும் பயம். தடித்த வகைகள் அதை ஓரளவு தாங்கும். அதன் பெரிய குறை வேறு. அது தண்ணீருக்குள் அமராமல் தண்ணீர்மேல் பலூன்போல் நிற்கிறது. பக்கச் சுவர் தடிப்பாக உயர்ந்து நிற்பதால் காற்றுக்குப் பாய் விரித்ததுபோல் ஆகிறது. களப்புக்கு அது போதும். கச்சான் மாதத்தில் கடலுக்கு ஆகாது.

மீதி இரண்டு வகை. குழிக்குள் கால் நீட்டி, இடுப்பு வரை மறைந்து இருந்து வலிப்பது ஒன்று. மேல்தட்டில் இருந்து வலிப்பது மற்றது. முதலாவது வேகமானது, காற்றும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பும்; நடுக்கடலில் நிமிர்த்தி, இறைத்து, மீண்டும் ஏறுவதற்குப் பயிற்சியும் கைப்பம்பும் வேண்டும். தூண்டில்காரர் முன்னுக்கும் பின்னுக்கும் திரும்பி, மீனைத் தூக்கி, முள்ளைக் கழற்றிக்கொண்டு இருப்பவர். என்றோ ஒருநாள் கவிழ்வார். மேல்தட்டு வகை நாலாபுறமும் மூடிய ஒரே கூடு. கவிழ்ந்தாலும் புரட்டி நிமிர்த்தியவுடன், தட்டிலிருந்து அடி வரை குழாய்போல் ஊடுருவிப் போகும் வடிதுளைகள் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும். முதல் கயாக் இதுவாகவே இருக்கட்டும்.

வடிதுளை என்றதும் ஒரு விளக்கம். தட்டு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரைதான் அந்தத் துளைகள் தண்ணீரை வெளியேற்றும். பாரம் கூடித் தட்டு நீர்மட்டத்துக்குக் கீழே போனால் அதே துளைகள் தண்ணீரை உள்ளே கொண்டுவரும். 'கயாக் ஓட்டை, இருக்கை முழுக்க ஈரம்' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பலருடைய கயாக்கில் ஓட்டையே இருக்காது. பாரம்தான் கூடியிருக்கும். எனவே கயாக்கில் பொறித்திருக்கும் உச்சச் சுமையைப் பாருங்கள். அதில் 70 வீதத்தையே உங்களுடையது என்று வையுங்கள். ஆள் 78 கிலோ. உயிர்காப்பு அங்கி, துடுப்பு, நங்கூரம், தூண்டில் சாமான், குடிதண்ணீர் சேர்த்து 15 கிலோ. ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியும் பிடிபடும் மீனும் 12 கிலோ. மொத்தம் 105. அதை 0.7ஆல் பிரித்தால் 150. உச்சச் சுமை 150 கிலோவுக்குக் குறைந்ததை இந்த ஆள் வாங்கக்கூடாது. 'நூற்றிருபது கிலோ தாங்கும், நீங்கள் எண்பதுதானே' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கயாக்கைப் பாருங்கள். எழுதியிருக்கும் உச்சம் மூழ்காமல் தாங்குவதற்கான கணக்கு. வசதியாக வலிப்பதற்கான கணக்கு அதற்குக் கீழே.

நீளம் 10 அடிக்குக் குறைய வேண்டாம்; 11, 12 அடி இன்னும் நல்லது. ஒரு தோணி சிரமமில்லாமல் ஓடக்கூடிய வேகம் அதன் நீர்க்கோட்டு நீளத்தில் தங்கியிருக்கிறது. அடியில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு எத்தனை கடல்மைல் என்று வரும். 8 அடிக்கு 3.8, 12 அடிக்கு 4.6. வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். எதிர்க்காற்றில் கரைக்கு வரும்போது அந்தச் சிறிதுதான் மிச்சம். தவிர, குட்டைக் கயாக் ஒவ்வொரு வலிப்புக்கும் அணியத்தை, அதாவது முன்முனையை, இடமும் வலமும் ஆட்டும். வலிப்பதில் பாதி நேராக்குவதிலேயே போய்விடும். வாடகைக்கு விடும் 8, 9 அடிக் கயாக்குகள் கரையோரம் விளையாடச் செய்தவை. பழசாகி மலிவாக வந்தாலும் தூண்டிலுக்கு எடுக்க வேண்டாம்.

அகலம் 30 முதல் 33 அங்குலம். 36 அங்குலத்துக்கு மேல் போனவை எழுந்து நின்று தூண்டில் எறிவதற்கென்று செய்தவை. ஏரியிலும் களப்பிலும் அழகாக நிற்கும், கடலில் உழவு மாடு. கடைத்தரையில் வைத்து ஆட்டிப் பார்த்து 'அசையவில்லை' என்று மகிழ்வதில் பயனில்லை. அடி தட்டையான கயாக் அமைதியான தண்ணீரில் அசையாது. ஆனால் அலையின் சரிவு வரும்போது அந்தச் சரிவோடு சேர்ந்து தானும் சரியும். அடி சற்று வளைந்ததோ, இரண்டு மூன்று வரம்புகளாக வார்க்கப்பட்டதோ முதலில் கொஞ்சம் ஆடும். ஓரளவு சரிந்த பிறகு பிடித்து நிற்கும். பழகாத இடுப்புக்கு முதல் ஆட்டம் பயமாக இருக்கும். இரண்டு நாளில் போய்விடும்.

இருக்கையையும் பாருங்கள். உயரமான சட்டகத்தில் வலைத்துணி கட்டிய இருக்கை முதுகுக்குச் சுகம். ஆனால் நாலு அங்குலம் உயர்ந்தாலே ஆட்டம் கூடும், காற்றும் கூடுதலாகப் பிடிக்கும். உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியது கிடைத்தால் எடுங்கள். கடலில் தாழ்த்தியே வைத்திருங்கள். பக்கக்காற்றில் கயாக்கின் அணியம் தானாகக் காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். ஒரே பக்கமாக வலித்து வலித்துத் தோள்மூட்டு இறுகும். காலால் இயக்கும் சுக்கான் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 12 அடியில் சுக்கான் உள்ளதற்குக் கூடக் கொடுக்கும் பணம் வீண் போகாது. அந்தப் பணத்தைத் தூண்டில் தாங்கிகளுக்கும் மீன் காட்டும் கருவிக்கும் செலவழிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவை பிறகு வாங்கலாம்.

மிதிக்கிற கயாக்கைப் பற்றிக் கேட்பீர்கள். கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சம், காற்றை எதிர்த்துப் போக கையைவிடக் கால் பலமானது, எல்லாம் சரி. எங்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் முதலாவதாக வாங்க வேண்டாம் என்பதில் பெரும்பான்மை நிற்கிறது. சாமான் ஏற்றாமலே 40 கிலோவைத் தாண்டும். தனியாக மணலில் இழுப்பது பாடு. அடியில் தொங்கும் தகடோ சுழலியோ மணற்கரையில் அலையோடு ஏறும்போது முதலில் அடிபடும். களப்பில் சாதாளை சுற்றும். உடைந்த பாகம் ஊரில் கிடைக்காது. மிதிப்பு நின்றால் துடுப்பால்தான் வர வேண்டும், துடுப்புப் பழகாதவர் அங்கே என்ன செய்வார்?

இனிப் பொருள். இறக்குமதியாகும் கயாக்குகள் பெரும்பாலும் பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக்கைச் சூட்டில் சுழற்றி வார்த்தவை. கல்லில் உரசினாலும் உடையாது, கீறும். 11, 12 அடிக்கு 25 முதல் 35 கிலோ வரை வரும். உள்ளூர்ப் பட்டறைகளில் பைபரில் செய்து வாங்குவதும் நடக்கிறது. பாரம் குறைவு, போட் செய்கிறவரே பழுதும் பார்ப்பார், அது பெரிய வசதி. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். பொலித்தீன் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. உள்ளே தண்ணீர் போனாலும் அந்தப் பொருள் மிதக்கும். பைபர் மூழ்கும். பைபரில் செய்விப்பதானால் முன்னும் பின்னும் அடைத்த தனி அறைகள் வைக்கச் சொல்லுங்கள், அவற்றுள் நுரைக்கட்டி போடச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் மூடி இறுக்கிய 1.5 லீற்றர் வெற்றுப் போத்தல்கள் 30ஐ உள்ளே அசையாமல் கட்டினாலும் 45 கிலோ அளவு மிதப்புக் கிடைக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பிளாஸ்ரிக் கயாக்கில் வெடிப்பு வந்தால் பைபர் பட்டறைக்குக் கொண்டுபோய் ரெசினும் பாயும் வைத்து ஒட்டுகிறார்கள். பொலித்தீனில் ரெசின் பிடிக்காது. காய்ந்ததும் அழகாக இருக்கும், ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் தகடுபோல் கழன்று வரும். அதே வகைப் பிளாஸ்ரிக் குச்சியை உருக்கி பிளாஸ்ரிக் தண்ணீர்த்தாங்கி ஒட்டுவதுபோல் ஒட்ட வேண்டும். சீலிக்கன் பூசி விற்கப்படும் பழைய கயாக்கைத் தொடவே வேண்டாம். பூசிய இடத்தை ஒழுங்காக ஒட்டுவதற்கு முதலில் அந்தச் சீலிக்கன் முழுவதையும் சுரண்ட வேண்டும்.

பழையது வாங்குகிறவர் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. வடிதுளைகளின் உட்சுற்று, இழுத்து இழுத்துத் தேய்ந்த பின்னடி, இருக்கை பூட்டும் ஆணிகளைச் சுற்றிய பகுதி. நிறம் வெளிறி, கையால் தடவினால் சுண்ணாம்புபோல் தூள் ஒட்டினால் வெயில் அதைத் தின்றுவிட்டது. பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், கொடுத்து மீள வேண்டும், சடசடத்தால் விடுங்கள். மூடியைக் கழற்றி டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிறகு இரண்டு வாங்கில் மேல் வைத்து, உள்ளே பத்து லீற்றர் தண்ணீர் ஊற்றி, முன்னும் பின்னும் சாய்த்து, கால் மணித்தியாலம் பொறுத்திருந்து அடியைத் துணியால் துடைத்துத் தொட்டுப் பாருங்கள். விற்கிறவர் இதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது. கூட்டுக்குள் சேரும் தண்ணீரை வெளியே விடும் வடிகாலுக்குரிய அடைப்பானின் புரி ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு. தொலைந்து போயிருந்தால், பொருந்துகிற அடைப்பான் கைக்கு வரும்வரை பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஆரம்பத்தில் கிண்டலாகச் சொன்னோம். நிறம் முக்கியம்தான், ஆனால் அழகுக்காக அல்ல. விடியற்காலையில் வலை பார்த்துத் திரும்பும் பைபர் போட் வேகமாக வரும், அணியம் தூக்கியிருக்கும், ஓட்டுகிறவருக்கு முன்னால் நேர்கீழே தெரியாது. நீலமும் பச்சையும் கடலோடு கரைந்துவிடும். மஞ்சள், செம்மஞ்சள் எடுங்கள். பின்னால் ஒரு நாலடிக் கம்பில் செம்மஞ்சள் கொடி கட்டுங்கள். காட்டு இலை போட்ட இராணுவக் கோலக் கயாக்குகள் மீனுக்குத் தெரியாதாம் என்று சொல்லி விற்கிறார்கள். மீன் கீழே இருந்து பார்ப்பது அடியின் நிழலைத்தான். படைமுகாம் சூழ்ந்த இந்த ஊரில் அந்தக் கோலம் தேவையற்ற கேள்விகளையும் கொண்டுவரும். இருட்டில் இறங்குவதானால் தலையில் கட்டும் வெள்ளை வெளிச்சமும் கையில் இன்னொரு டோர்ச்சும் இருக்க வேண்டும்.

துடுப்பு வாங்கும்போதுதான் எல்லோரும் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். 32 அங்குல அகலத்துக்குத் தாழ்ந்த இருக்கையில் 230, 240 சென்ரிமீற்றர். இருக்கை உயரமானால் 250. குட்டையாக இருந்தால் கைமுட்டி கயாக்கின் விளிம்பில் இடிக்கும், ஒவ்வொரு வலிப்புக்கும் உடம்பு சரியும். அலுமினியத் தண்டுத் துடுப்பு 1.2 கிலோ வரும். பைபர் தண்டு 900 கிராம். முன்னூறு கிராமில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 700 வலிப்பு என்று வையுங்கள். 210 கிலோவை வீணாகத் தூக்கியிருப்பீர்கள். கயாக்கில் மிச்சம் பிடித்தாலும் துடுப்பில் பிடிக்க வேண்டாம். துடுப்பை ஒரு மீற்றர் கயிற்றால் கயாக்கோடு கட்டுங்கள். தூண்டில் தடிகளுக்கும் ஆளுக்கும் இடையே கயிறு வேண்டாம். கவிழும்போது காலில் சுற்றுவது அந்தக் கயிறுகள்தான்.

உயிர்காப்பு அங்கி துடுப்புக்காரருக்கென்று தைத்ததாக, கைக்குழி அகலமானதாக இருக்க வேண்டும். பயணிகள் படகில் கொடுக்கும் செம்மஞ்சள் கட்டை அங்கியை மாட்டினால் கை மடியாது, பத்து நிமிடத்தில் கழற்றிப் பின்னால் போட்டுவிடுவீர்கள். பின்னால் கிடக்கும் அங்கி யாரையும் காப்பாற்றாது. 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்து, கரைக்குக் கிட்ட இருப்பவருக்கு. ஏறத்தாழ 5 கிலோ மிதப்பு. நீச்சல் போதாதவருக்கு 100 நியூட்டன் வேண்டும். போட்டு, பட்டிகளை இறுக்கி, இன்னொருவரைத் தோள்ப்பட்டியில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அளவு பிழை. அங்கியில் விசில் கட்டுங்கள், வெட்டுக்கத்தி வையுங்கள். தொலைபேசி நீர்புகாப் பையில் உடம்போடு இருக்கட்டும், கயாக்கில் அல்ல. பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

தூண்டில் தடியை வீட்டில் வைத்துவிட்டு, முதலில் கவிழ்ந்து பழக வேண்டும். கழுத்தளவு தண்ணீரில், அருகே ஓர் ஆள் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். கவிழ்ந்த கயாக்கின் நடுவுக்கு வந்து, அடிக்கு மேலாகக் கையை எட்டிப் போட்டு மறுபக்க விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்து, முழங்காலை இந்தப்பக்க விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் அது புரண்டு நிமிரும். இப்போது நேராக ஏறப் பார்க்காதீர்கள். கால் கயாக்கின் அடியில் போகும், அது உங்கள் மேலேயே கவிழும். கைகளைக் குறுக்கே வைத்து, கால்களை நீர்மட்டத்துக்கு வரும்வரை நீந்துவதுபோல் உதைத்து, வயிறு தட்டின் நடுவில் வரும்வரை மீன்போல் வழுக்கி ஏறுங்கள். வயிறு நடுவில் வந்ததும் மல்லாந்து புரளுங்கள், பின்பக்கம் இருக்கையில் விழும். கடைசியாகக் கால்களைக் கொண்டுவாருங்கள். வயிறு, இருக்கை, கால் என்ற ஒழுங்கு பிசகக்கூடாது. ஐந்து தடவை தொடர்ந்து சரியாக வரும்வரை பழகுங்கள். பிறகு அங்கியோடும் முழுச் சாமானோடும் ஒருதடவை. அப்போதுதான் எந்தச் சாமான் கட்டப்படாமல் கிடக்கிறது என்பதும் தெரியும். கடையிலே பார்த்த கயாக்கில் உங்களால் இப்படி ஏற முடியவில்லையென்றால் அது உங்களுக்குரிய கயாக் இல்லை. வாங்குமுன் ஒருநாள் இரவல் கேட்பது அதற்காகத்தான்.

பழகுவதற்கு இறக்கக்கண்டிக் களப்பும் நிலாவெளிப் பெரியகரச்சியும் இருக்கின்றன. களப்பு வாயிலுள்ள பாலத்தடிக்குப் போகாதீர்கள். எங்கள் கடலின் வற்றும் பெருக்கும் அரை மீற்றரைச் சுற்றித்தான், ஆனால் ஒடுங்கிய வாயில் அதுவே இழுக்கும். தூணில் கயாக் குறுக்கே பட்டால் தண்ணீர் அதை அப்படியே அமத்திப் பிடிக்கும். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்திலும் வெருகல் பக்கமும் முதலை இருப்பதால் காலைத் தொங்கவிட்டு இருக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உட்துறைமுகம் மறைவான நல்ல தண்ணீர். ஆனால் கடற்படைத் தளமும் துறைமுக எல்லையும் அங்கே. அனுமதி கேட்காமல் இறங்கினால் மீனுக்கு முன் வேறு ஆட்கள் வருவார்கள். புறாமலை 2003இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. தீவை மட்டுமல்ல, சுற்றியுள்ள பவளப்பாறைக் கடலையும் சேர்த்ததே பூங்கா, அங்கே தூண்டில் போட முடியாது. கயாக்கை வைத்து மீன் பிடிப்பதற்குப் பதிவு, அனுமதி பற்றிக் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் வாங்குமுன்பே கேளுங்கள்.

கரைவலைக்காரரைப் பற்றி ஒன்று. பாடு, அதாவது வலை வளைத்து இழுக்கும் கரைப்பகுதி, அவர்களுடையது. இரண்டு கயிறும் கரைக்கு வந்துகொண்டிருக்கும்போது நடுவில் புகுவது, தெருவில் காயப்போட்ட நெல்லின் மேல் சைக்கிள் விடுவதுபோல. வலை வளைத்திருந்தால் சுற்றிப் போங்கள், அல்லது கரையில் பொறுத்திருங்கள். இறக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால், அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் எந்தத் தொலைபேசிச் செயலியும் சொல்லாத அளவுக்குச் சொல்வார்கள்.

நங்கூரம் 1.5 கிலோ மடக்குவகை போதும். கயிறு ஆழத்தின் மூன்று மடங்காவது விட வேண்டும். பத்து மீற்றருக்கு முப்பது. அணியத்திலோ பின்னாலோ கட்டுங்கள். நடுப்பக்கத்தில் கட்டினால் ஒரே இழுவையில் கவிழும். கொட்டியாரக் குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு நுழைகிறது, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பக்கமும் ஆழம் சட்டென்று விழும். அங்கே கயிறு எட்டாமல் நங்கூரம் அந்தரத்தில் தொங்க, நீங்கள் நிற்பதாக நினைத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பீர்கள். குடைபோல் விரியும் இழுவைப் பை ஒன்று வாங்குங்கள். மீனோடு போராடும்போது கயாக் ஓடுவதை அது பாதியாகக் குறைக்கும்.

தூண்டில் சாமானுக்கு ஏழடித் தடி ஒன்று, 4000 அளவு ரீல், 20 இறாத்தல் பின்னல் நூல், முனையில் 30 இறாத்தல் தங்கூசி. பாரையும் சீலாவும் விளைமீனும் இதற்குள் அடங்கும். கெளுத்தியையும் திருக்கையையும் கயாக்குக்குள் ஏற்றாமல் பக்கத்திலேயே நூலை வெட்டிவிடுங்கள். வெறுங்காலுக்கு நடுவே துள்ளும் முள்ளுக்கு ஓடி ஒதுங்க அங்கே இடமில்லை.

கடலுக்கு முதல் நாள் போகும்போது ஐந்து நிமிடம் வெளியே வலித்துவிட்டுத் திரும்பிக் கரைக்கு வந்து நேரம் பாருங்கள். வருவதற்குப் பத்து நிமிடம் எடுத்தால் அன்றைக்கு இருநூறு மீற்றருக்கு மேல் போக வேண்டாம். வளிமண்டலவியல் திணைக்களம் திருகோணமலைக் கடற்பரப்புக்குச் சொல்லும் காற்றின் வேகம் 15 கிலோமீற்றருக்குள் இருந்தால் மட்டும் புதியவர் இறங்கலாம். வெளியே வெள்ளைநுரை தெரிந்தால், கரையோரம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும், கயாக்கைத் திருப்பிக் கவிழ்த்துவிடுங்கள். கவிழ்த்து வைப்பதும் நிழலில், இரண்டு டயர்களின் மேல். கயிற்றில் தொங்கவிட்டால் வெயில் சூட்டில் அடி குழிந்து அப்படியே இறுகிவிடும்.

இப்போது வாடை அடங்கி வருகிறது. பங்குனியும் சித்திரையும் பழகுவதற்கு இருக்கின்றன. விற்கிறவர்களிடம் எங்கள் கோரிக்கை, விலைச்சீட்டில் உச்சச் சுமை, அகலம், எடை மூன்றையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வாடகைக்கு விடுகிறவர்களிடம் இன்னொன்று: நுரை இறுகிப் பட்டி அறுந்த பழைய அங்கிகளைப் பழைய கயாக்கோடு சேர்த்து விற்காமல், கத்தியால் குறுக்கே வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

இங்ஙனம்,
தூண்டில்காரர் சிலர்,
உப்புவெளி, திருகோணமலை.